சம்பள நாள் – 17: சிவப்பு அட்டை ரிஜிஸ்டர்

போன வாரம் ஓவர்டைம் கணக்கைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மேஜையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. எழுதியவர் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கும் இளைஞர். பெயரும் ஊரும் வேண்டாம். “சேல்ஸ்ல நிக்கிற பொண்ணுங்க சம்பளத்துல பிடிக்கிறத நான்தான் சார் எழுதுறேன். அது நியாயமில்லனு எனக்கே தெரியுது. லேபர் ஆபீசுக்கு எழுதிப் போட்டுடவா?” என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வி 1999-ல் என் முன்னாலும் வந்து நின்றது. ‘போடு’ என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு போட்டேன். என்ன நடந்தது என்பதை இதுவரை இந்தத் தொடரில் நான் சொன்னதில்லை.

தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் நான்கு மாடித் துணிக்கடை. நான் கணக்குப் பிரிவில் இரண்டாவது ஆள். எங்கள் அலமாரியில் வருகைப் பதிவு இரண்டு இருந்தது. நீல அட்டை ரிஜிஸ்டர் நிஜம். சிவப்பு அட்டை, லேபர் இன்ஸ்பெக்டர் வந்தால் எடுத்து நீட்டுவதற்கு. சிவப்பில் எல்லோருக்கும் எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் லீவு. நீலத்தில் தீபாவளி மாதம் காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்று வரை, லீவு என்ற கட்டமே காலி. கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10-ஐத் தாண்டக்கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் இடைவேளை விட வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். சிவப்பு ரிஜிஸ்டரைத் தப்பில்லாமல் எழுத வேண்டுமென்றால் சட்டம் தெரிந்திருக்க வேண்டுமே.

நேரத்தைக்கூட நான் சகித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. சகிக்க முடியாமல் போனது பி.எஃப். சம்பள வவுச்சரில் 12 சதவீதம் பிடிப்போம். மறு மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். நான் எழுதும் செலானில் எல்லாப் பெயரும் இருக்காது. மாடி ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்களில் 31 பேருக்குப் பிடித்தம் உண்டு, செலானில் பெயர் கிடையாது. இன்று யு.ஏ.என். எண்ணைப் போட்டால் பாஸ்புக் செல்போனிலேயே தெரிகிறது. அது 2014-ல் வந்த வசதி. அன்றைக்கு வருடத்துக்கு ஒரு தாள், அதுவும் முதலாளி கை வழியாகத்தான் வரும். வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

ஒரு ராத்திரி, இடது கையால் எழுதினேன். 31 பேர், இத்தனை மாதம், இத்தனை ரூபாய் என்று பைசா சுத்தமாக எழுதி, ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு அதிகாரி வந்தார். வந்தவர் யார் புகார் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழிலாளர் ஆய்வாளர் புகார் கொடுத்தவரின் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின் பேரில்தான் சோதனைக்கு வந்தேன் என்பதைக்கூட முதலாளியிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. இந்தியா அதை 1949-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதிகாரி கேட்ட கேள்வியே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் நேராக அந்த 31 பேரைப் பற்றித்தான் கேட்டார். அந்த எண் தெரிந்தவர்கள் கணக்குப் பிரிவு, இல்லையென்றால் அந்த 31 பேர். கணக்குப் பிரிவு, முதலாளி அண்ணாச்சிக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. சந்தேகம் எங்கே போகும்?

மறுநாள் ஹாஸ்டல் பெண்களை வரிசையில் நிற்க வைத்து, ‘எனக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று எழுதிய தாளில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளை டைப் அடித்தது நான். முன்பு எப்போதோ பி.எஃப். தாள் கேட்ட நான்கு பேரை, நால்வரும் ஒரே கிராமம், பஸ் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. போனஸ் கிடையாது.

நால்வரில் மூத்தவர் சேலைப் பிரிவில் பதினோரு வருடம் நின்ற அக்கா. கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, பச்சையாக முடிச்சு விழுந்திருக்கும். கணக்கு முடிக்க வவுச்சரோடு என்னைத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீதான போட்ட தம்பி?”

என்னால் தலையைக்கூட அசைக்க முடியவில்லை.

“போட்டது தப்புன்னு சொல்லல. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? போனஸ் வாங்கின பெறவு போடுன்னு சொல்லியிருப்போம். இந்தா இவளுக்குத் தையில கல்யாணம்.”

பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

துணிச்சல் இருக்கிறதா இல்லையா என்பதையே இந்த விஷயத்தில் எல்லோரும் பேசுகிறோம். துணிச்சல் எனக்கு இருந்தது. ஆனால் அது அடுத்தவர்களின் சோற்றைப் பணயம் வைத்த துணிச்சல். அநீதி நடந்தது அவர்களுக்கு. புகாரும் அவர்களுடையதுதான், நான் வெறும் சாட்சி. சாட்சி தானாகவே வாதியாகிவிட்டேன். எப்போது சொல்வது, எதைச் சொல்வது, எதைத் தாங்க முடியும் என்ற கணக்கு அந்த அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை.

கோழிக்கோட்டில் நடந்ததை நான் பொறாமையோடு படித்ததற்குக் காரணம் இதுதான். மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்ற பெண், கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் கேட்ட கழிப்பறை. பிறகு உட்காரும் உரிமை. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு துணிக்கடையின் பெண் ஊழியர்கள் கடை வாசலில் உட்கார்ந்து நடத்திய போராட்டத்துக்கு மலையாளத்தில் பெயரே ‘இரிக்கல் சமரம்’. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் தன் 1947 சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றது. இது மொட்டைக் கடிதத்தால் வந்ததில்லை. நின்று கால் வலித்தவர்களே ஒன்றாகக் கூடிப் பேசியதால் வந்தது.

கடிதம் எழுதிய தம்பிக்கு வருகிறேன். உங்களைக் காக்க ஒரு சட்டம் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஊழலை வெளியே சொல்பவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. அதையே இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிச் சட்டம் கேட்கும் உள்புகார் ஏற்பாடு பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு உண்டு. குடும்பம் நடத்தும் துணிக்கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் உள்ள பிடிமானம், அதே 1947 சட்டத்தின் 41-ஆவது பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். அந்த நான்கு பேருக்கும் இந்தப் பிரிவு பொருந்தியது. எனக்கு அது தெரியும். பஸ் ஸ்டாண்டில் நான் அதைச் சொல்லவில்லை.

கடை ரிஜிஸ்டரைப் போட்டோ எடுத்து வெளியே கொண்டுபோகாதீர்கள். திருட்டுக் கேஸ் என்று உங்கள் மேலேயே திருப்புவார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த எண் புகாரில் இருந்தால் அதுவே கையெழுத்து மாதிரி. தொழிலாளி கையிலேயே இருக்கும் ஆதாரம் போதும். பி.எஃப். பாஸ்புக், வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, சம்பளச் சீட்டு. அதோடு, தான் கடைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் தினமும் எழுதிவைத்த ஒரு நாற்பது பக்க நோட்டு. பாஸ்புக்கைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லிக்கொடுத்ததை, உங்களை வேலையை விட்டுத் தூக்க நியாயமான காரணமாக யாரும் காட்ட முடியாது. பிடித்த பணம் கட்டப்படவில்லை என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு, என்ன செய்யலாம் என்று அவர்களைக் கேளுங்கள். ‘இப்ப வேண்டாம்’ என்று சொன்னால் பொறுங்கள். ‘போடலாம்’ என்று சொன்னால், தனியாக இல்லாமல் பல பேர் கையெழுத்தோடு, உங்கள் ஊரில் இருக்கும் தொழிற்சங்கம் வழியாகப் போடுங்கள். அப்போது உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொருவரின் ஊர் முகவரியையும் கேட்டுத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடை இரண்டு வருடம் கழித்து அந்த 31 பேரின் பாக்கியையும் அபராதத்தோடு கட்டியது. ஆண்டுத் தாள்கள் கடைக்கு வந்தபோது, ஊருக்குப் போன நால்வருக்கும் ஹாஸ்டல் நோட்டில் இருந்த முகவரிக்கு நானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மூன்று போய்ச் சேர்ந்தன. அக்காவின் உறை, ‘விலாசதாரர் ஊரில் இல்லை’ என்ற தபால்காரர் குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது.

(தொடரும்)