தலைவனா, ‘தல’யா?

தோழா! ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலே, அம்பத்தூர் எஸ்டேட்டிலே உழைக்கும் உனக்குச் சங்கத் தேர்தல் தெரியும். ஓட்டு வாங்கித்தான் செயலாளர் வருவார். கணக்குக் காட்டாவிட்டால் பொதுக்குழுவிலே நீ விடமாட்டாய்!

பூந்தமல்லியிலே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறானே உன் மகன், அவனுக்குத் தலைவன் யார்? ‘ரூட்டு தல’! அந்தத் ‘தல’க்கு ஓட்டுப் போட்டது யார்? பதவி எத்தனை நாள்? கேட்பாரில்லை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில், மாநகரப் பேருந்திலே, மாணவரை மாணவரே பட்டாக்கத்தியால் வெட்டியதை நாடே பார்த்தது.

மாற்று இல்லையா? லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரிலேயே உச்சநீதிமன்றம் ஏற்றது. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். 75 விழுக்காடு வருகை. செலவு 5,000 ரூபாய்க்குள். கட்சிப் பணம் கூடாதாம். நமக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், சொல்லட்டும்! நிர்வாகி பதவிக்கு ஒரே முறைதான் போட்டியிடலாம் என்கிறார்களே, அதுதான் உயிர். ஓட்டில்லாத ‘தல’ பதவிக்கு முடிவேது?

சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே நடப்பதில்லை. நடத்தினால் கலவரம் வருமாம்! தேர்தல் இல்லாமலே கத்தி வந்ததே, அதற்கென்ன பதில்?

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போ, தோழா. தேர்தல் என்றைக்கு என்று கேள்.