குழு பெருத்தால் போதுமா? ஆதரவாளர்களுக்கு ஒரு பத்தாண்டுத் திட்டம்

மாமரம் பூத்திருக்கும்போது ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், நூறு பேர் கை கூப்புவார்கள். "அருமை", "வாழ்த்துகள்", "இயற்கையே தெய்வம்" என்று வந்துகொண்டே இருக்கும். பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகி, சித்திரையில் காய் இறக்கும்போது "பெட்டி யாருக்கு வேணும்?" என்று கேட்டால் சத்தத்தைக் காணோம்.

ராஜபாளையம் மலையடிவாரத்தில் நஞ்சில்லாமல் மா வளர்க்கிற தோப்புக்காரர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "இத்தன பேரு நம்ம பக்கம் இருக்காங்கன்னு சொல்றீகளே அண்ணாச்சி, காய் இறக்குற அன்னைக்கு அவுகள்லாம் எங்க போயிடுறாக?"

நியாயமான கேள்வி. மருந்தடிக்காத சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கடைசியில் கமிஷன் கடையில் மருந்தடித்த காயோடு காயாகக் கொட்டப்படுகின்றன. விலை கட்டுபடியாகாத தோப்புக்கு அடுத்த கதி என்னவென்று நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். முதலில் அளவுக்கல், அப்புறம் பிளாட் போர்டு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நம் இயக்கத்தின் ஆதரவாளர் குழுவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தக் கூட்டத்தை எப்படி வளர்ப்பது என்று எங்கள் வட்டாரக் கூட்டங்களில் பேசி வருகிறோம். அதில் திரண்ட கருத்துகளை மற்ற வட்டாரங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எண்ணிக்கை வேற, ஆதரவு வேற

வாட்ஸ்அப் குழுவில் ஒருகாலத்தில் 256 பேர்தான் சேரலாம். 2022இல் அதை 512 ஆக்கினார்கள். அதே ஆண்டிலேயே 1,024 ஆனது. இடம் பெருகப் பெருக ஆளைச் சேர்க்கும் வேகமும் கூடியது. "எங்க குழு நிறைஞ்சுபோச்சு, ரெண்டாவது குழு ஆரம்பிச்சிட்டோம்" என்று சொல்வதே ஒரு சாதனை மாதிரி ஆகிவிட்டது.

இணையக் கூட்டங்களைக் கவனித்த யாக்கோப் நீல்சன் என்பவர் 2006இல் ஒரு கணக்கு சொன்னார். நூறு பேர் கூடுகிற இடத்தில் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒரே ஒருவர்தான் பெரும்பாலான வேலையைச் செய்வார் என்பது அந்தக் கணக்கு. துல்லியமான விதி இல்லை, தோராயம்தான். ஆனாலும் நம் குழுக்களைத் திறந்து பார்த்தால் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் பாடுபடுவது பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் களைத்துப்போனால் குழுவே படுத்துவிடும்.

பேசாத தொண்ணூறு பேரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்மாயில் கிடக்கிற தண்ணி மாதிரி அவர்கள். மடையும் வாய்க்காலும் சரியாக இருந்தால்தானே வயலுக்கு வரும்? அந்த வாய்க்காலை வெட்டுவது நம் வேலை. அதை விட்டுவிட்டு ஆளை மட்டும் சேர்த்துக்கொண்டே போவது பாலில் தண்ணி ஊற்றுகிற கதைதான். சட்டி நிறையும், கோவா தேறாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கைப்பேசி வழியாகக் கூட்டம் சேராது என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் ஒரு வாரம் கூடி நின்றதை நாடே பார்த்தது. சட்டம் வந்தது, கூட்டம் கலைந்தது. ஒரே ஒரு கோரிக்கைக்கு அது போதும். நம் வேலை அப்படிப்பட்டதா? மண் திரும்ப மூணு வருஷம், மரம் காய்க்க அஞ்சு வருஷம், விதையை மீட்க ஒரு தலைமுறை. வெள்ளம் மாதிரி வந்து வடிகிற கூட்டத்தை நம்பி இதைச் செய்ய முடியாது.

ஆதிரெங்கம் கணக்கு

வளர்ச்சிக்கு ஒரு நல்ல விதி நம்மிடமே இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கத்தின் சார்பில் நெல் திருவிழாவை 2006இல் தொடங்கினார் 'நெல்' ஜெயராமன். வருகிற உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசமாகக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். விதி அவ்வளவுதான். இந்த ஒரு விதியில் ஊர் ஊராக விதை பரவியது. 174 பாரம்பரிய நெல் வகைகளை அவர் மீட்டெடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, வாங்குகிறவர் அன்றைக்கே பொறுப்பாளி ஆகிவிடுகிறார். விதைக்காமல் நாலு கிலோ எங்கிருந்து வரும்? கைதட்டிவிட்டுப் போக அங்கே வழியே இல்லை. இரண்டு, அந்த விதி ஆளை நம்பி இல்லை. ஐயா நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று நம்மை விட்டுப் போனார். ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அதற்குப் பிறகும் ஊர்தோறும் விதைத் திருவிழாக்கள் நடக்கின்றன, விதை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் இதை ஆதரவாளர்களுக்கும் பொருத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவிலிருந்து ஒன்றைப் பெற்றவர் அடுத்த ஆண்டுக்குள் இன்னொருவருக்கு அதைத் தர வேண்டும். பஞ்சகவ்யா செய்யக் கற்றவர் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒரு பெட்டி மாம்பழம் வாங்கியவர் இன்னொரு குடும்பத்தை அடுத்த பருவத்துக்கு அழைத்து வருவார். மாடித்தோட்டத்துக்குக் கத்தரி விதை வாங்கியவர் விதை எடுத்து, இரண்டு வீட்டுக்குக் கொடுப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வீட்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வீடு இன்னொரு வீட்டைச் சேர்த்தால் பத்தாண்டில் 10,240 வீடு. இது காகிதக் கணக்கு. நாற்றங்காலில் முளைத்ததெல்லாம் கதிர் விடாது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்தாண்டில் 576 வீடு. ஒரு வீடு பத்து கிலோ காய் வாங்கினால் 5,760 கிலோ கமிஷன் கடை வாசலை மிதிக்காமல் நேராகப் போய்ச் சேரும். பேருக்கு இருக்கிற பத்தாயிரம் எண்களைவிட, நிலைத்து நிற்கிற 576 வீடு தோப்பைக் காப்பாற்றும்.

ஜப்பானில் செய்து காட்டியது

உழவரும் உண்பவரும் நேரடியாகக் கைகோத்தது உலகத்துக்குப் புதிதல்ல. ஜப்பானில் கூட்டுறவு இயக்கத்திலிருந்து வந்த தெருவோ இச்சிராக்கு என்பவர் முன்நின்று 1971இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கினார். பூச்சிக்கொல்லிக்குப் பயந்த குடும்பங்கள், பெரும்பாலும் தாய்மார்கள், சேர்ந்து உழவரோடு ஒப்பந்தம் பேசினார்கள். 'தெய்க்கெய்' என்று அதற்குப் பெயர். கூட்டாளி உறவு என்று சொல்லலாம்.

1978இல் அவர்கள் பத்து நெறிகளை வகுத்தார்கள். என்ன பயிரிடுவது என்று முன்கூட்டியே சேர்ந்து திட்டமிடுவது, விளைந்ததை வாங்கிக்கொள்வது, விலையை இருவரும் விட்டுக்கொடுத்து முடிவு செய்வது, தாங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பது, எல்லாரும் கலந்து நிர்வகிப்பது, கற்றுக்கொண்டே இருப்பது எல்லாம் அதில் உண்டு. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை கடைசி இரண்டு. குழுவைத் தகுந்த அளவுக்கு மேல் பெருக்காதே. அவசரப்படாமல் படிப்படியாக முன்னேறு. வளர்ச்சித் திட்டத்திலேயே 'இதற்கு மேல் பெருக்காதே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

நம் ஊரிலும் இதற்கு அடித்தளம் இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாதச் சான்று முறையில் ஓர் உள்ளூர்க் குழுவுக்குக் குறைந்தது ஐந்து உழவர் வேண்டும். ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். முகம் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆதரவாளர்களையும் அப்படியே ஒரு தோப்பு அல்லது ஒரு வயலைச் சுற்றிச் சிறு சிறு வட்டமாகக் கட்ட வேண்டும். ஆயிரம் பேர் குழு தகவல் சொல்ல இருக்கட்டும். வேலை நடப்பது இருபது, முப்பது வீட்டுச் சிறு குழுக்களில்தான்.

குத்தகை நிலத்தில் மாமரமா?

குத்தகை நிலத்தில் கடலை போடுவோம், மாங்கன்று நட மாட்டோம். வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் எல்லாம் அடுத்தவன் நிலம். ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் ஒன்றுமில்லாமல் போனது.

அதனால் ஆதரவாளர் பதிவேடு நம் கையில் இருக்க வேண்டும். பெயர், ஊர், எந்த வேலைக்குக் கை கொடுப்பார், எந்தப் பருவத்தில் என்ன வாங்குகிறார் என்று ஒரு நோட்டிலும் ஒரு கணினிப் பட்டியலிலும் எழுதி வைக்க வேண்டும். கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுத வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்மை நம்பித் தந்த எண்ணை இடுபொருள் விற்பவருக்கோ, தேர்தல் நேரத்தில் கட்சிக்காரருக்கோ தூக்கிக் கொடுப்பது துரோகம்.

மலையும் தோப்பும் ஒரே குழுவில்

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேற்கே மலை முழுதும் காடு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. ஆதரவாளர்களில் பலர் காட்டையும் அணிலையும் நேசித்து வருகிறவர்கள். உழவரோ யானை புகுந்த தென்னையையும் பன்றி கிளறிய கடலையையும் பார்த்து வயிறு எரிகிறவர். இருவரும் ஒரே குழுவில் இருந்தால் ஒரு படம் போதும், சண்டை மூண்டுவிடும்.

குழுவில் தட்டச்சு செய்து இதைத் தீர்க்க முடியாது. தோப்புக்குக் கூட்டிவர வேண்டும். அணில் மரத்துக்கு மரம் தாவிப் போகிற பிராணி. மாவும் புளியும் நிற்கிற தோப்பு அதற்கும் வீடு. தோப்பு பிளாட்டானால் உழவரும் போனார், அணிலும் போச்சு. இதை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பேசினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்துவிடுவார்கள். 'காரசாரமான விஷயம் நேரில் மட்டும்' என்பதைக் குழு விதியாகவே வைத்திருக்கிறோம்.

பருவத்தோடு போகிற திட்டம்

மாதாமாதம் இத்தனை பேரைச் சேர்ப்போம் என்று நாங்கள் இலக்கு வைக்கவில்லை. பயிர்க் காலத்தையே திட்டமாக்கியிருக்கிறோம்.

தை, மாசி: மா பூக்கும் காலம். ஆதரவாளர் குடும்பத்தோடு தோப்புக்கு வருவது, பேசி விலை முடிவு செய்து பெட்டிக்கு முன்பணம் கொடுப்பது.

சித்திரை, வைகாசி: அறுவடை. சிறு குழுக்களே பெட்டி கட்டி, ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுப்பது.

ஆடி: விதைப் பகிர்வு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்குச் சுற்றுப்பட்டி எல்லாம் கூடும். புதியவர்களைச் சந்திக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆடிப்பெருக்கில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். நம் பயிர் நாட்காட்டியும் அதற்குள் தயாராக வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசி: மழையும் விதைப்பும். உடலுழைப்புக்கு வர விரும்பும் இளைஞர்களை வத்திராயிருப்புப் பக்கம் நடவுக்கு அழைப்பது.

மார்கழி: டிசம்பர் 30, ஐயாவின் நினைவு நாள். அன்று கணக்குப் பார்ப்பது. வரவு செலவும் வாசிக்கப்படும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைக் கடைசியாகத்தான் கேட்போம். எத்தனை பேர் வயலுக்கு வந்தார்கள், எத்தனை வீடு முன்பணம் கொடுத்தது, எத்தனை பேர் பெற்றதை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், மூன்றாவது ஆண்டாகத் தொடர்கிறவர் எத்தனை பேர் என்ற நான்கும்தான் முக்கியம்.

பொறுப்பும் கைமாற வேண்டும். அட்மின் பதவி ஒருவருக்கு இரண்டு ஆண்டுதான். ஒவ்வொருவரும் கூடவே ஒருவரைப் பழக்க வேண்டும். சிறு குழுப் பொறுப்பில் பெண் ஒருவர் கட்டாயம். முதல் ஆண்டு மூன்று சிறு குழு, மூன்றாம் ஆண்டுக்குள் இரு வட்டத்திலும் பத்து. பத்தாம் ஆண்டில் எங்களில் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் நடக்க வேண்டும். இதுதான் எங்கள் இலக்கு.

உழவர் தோழர்களே, உங்கள் வட்டாரக் குழுவில் இந்த மாதமே ஒன்று செய்யுங்கள். ஆயிரம் பேரில் போன பருவத்தில் வயலுக்கு வந்தவர்கள், வாங்கியவர்கள் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பதினைந்து பெயர்தான் தேறுகிறதா? கவலை வேண்டாம். ஆளுக்கொரு போன் போட்டு, "அடுத்த பருவத்துக்கு இன்னொரு வீட்டைக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேளுங்கள். விதைநெல் கையிருப்பு அவ்வளவுதான் என்றால் அதை வைத்துத்தான் நாற்று விட வேண்டும்.