பறிமுதல் சரக்கு பாழானால் யார் பொறுப்பு?

சோதனைக்கு வரும் அதிகாரி சரக்கை எடுத்துச் செல்கிறார். வழக்கு நமக்குச் சாதகமாக முடிகிறது. ஆனால் திரும்பி வரும் மூட்டையைப் பிரித்தால் உள்ளே கட்டி தட்டிப் போயிருக்கிறது. நஷ்டம் யாருடையது? வணிகப் பெருமக்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஆந்திராவில் உரமும் தானியமும் விற்றுவந்த நாகேந்திர ராவ் கம்பெனிக்கு 1975 ஆகஸ்டில் இதே கதி நேர்ந்தது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் சரக்கு கைப்பற்றப்பட்டது. உரத்தை விவசாயிகளுக்கு விநியோகிக்கும்படி வேளாண்மை உதவி அலுவலரிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. "சரக்கு கெட்டுப்போகும், விற்க ஏற்பாடு செய்யுங்கள்" என்று கடைக்காரர் மனு மேல் மனு கொடுத்தார். கடைசியில் உரத்தை விடுவிக்க உத்தரவாகி, எடுக்கப் போனபோது தரமும் குறைந்திருந்தது, அளவும் குறைந்திருந்தது.

உரத்தின் விலையாக ரூ.1,06,125.72 கேட்டு வழக்குத் தொடுத்தார். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, ஐகோர்ட்டில் தோற்றார். ஐகோர்ட் காட்டிய ஆதாரம் கஸ்தூரிலால் வழக்கு. 1947-ல் மீரட் போலீசார் ஒரு நகை வியாபாரியிடம் எடுத்த தங்கத்துடன் தலைமைக் காவலர் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அது அரசின் இறையாண்மைப் பணியில் நடந்தது, ஆகவே அரசு பொறுப்பல்ல என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. பறிகொடுத்தவருக்கு இது என்ன நியாயமோ!

ஆனால் 1994 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் நாகேந்திர ராவ் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி எடுத்த சரக்கைப் பாதுகாப்பது அதிகாரியின் கடமை. அவரது அலட்சியத்தால் வந்த நஷ்டத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்றது.

ஆனால் அரசு கொடுப்பதும் நம் வரிப்பணம்தானே? இதற்கும் விடை உண்டு. முந்தைய ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், அலைக்கழிப்புக்கான நஷ்ட ஈட்டைக் காரணமான அலுவலர்களிடமே வசூலிக்க உத்தரவாயிற்று. எழுதியவர் அதே நீதிபதி, ஆர்.எம். சகாய்.

நாகேந்திர ராவுக்குக் கைகொடுத்தவை அன்று எழுதிய மனுக்கள். ஆகவே மகஜரில் மூட்டை எண்ணிக்கையுடன் எடையும் தரமும் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கெடக்கூடிய சரக்கென்றால் உடனே மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கேளுங்கள். திரும்ப எடுக்கும்போது கையெழுத்துப் போடுமுன் எடை போட்டுப் பார்த்து, குறைவை ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.