டீசல் ஃபில்டரை வீட்டு வாசல்லயே மாத்தலாமா?

சிங்காநல்லூர்ல இருந்து திருச்சி ரோட்டுல கிழக்கே போனா ஒண்டிப்புதூர் பாலம் வரும். போன மாசம் எங்க வீட்டு டீசல் ஸ்விஃப்ட் அந்தப் பாலத்துல ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சுது. சமதளத்துல நல்லா ஓடுது. சிக்னல்ல நின்னா இன்ஜின் சத்தம் சுத்தமா இருக்கு. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா மட்டும் மூச்சு வாங்குது.

காட்டின இடத்துல பானெட்டைக்கூடத் திறக்கல. "இன்ஜெக்டர் போயிருக்கும் தம்பி, நாலையும் மாத்தோணும்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன தொகையைக் கேட்டு அப்பா வீடு வந்து சேர்ற வரைக்கும் பேசவே இல்லை. கடைசியில் போயிருந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டீசல் ஃபில்டர்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, வீட்டு வாசல்லயே எப்படி மாத்துறது, எந்த இடத்துல கை வைக்கவே கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

பாலத்துல மட்டும் ஏன் திணறுது?

ஃபில்டருக்குள்ள இருப்பது விசிறி மாதிரி மடிச்சு மடிச்சு வச்ச காகிதம். சின்ன டப்பாவுக்குள்ள பரப்பளவைக் கூட்டத்தான் அந்த மடிப்பு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச டார்சி விதியை ஞாபகப்படுத்திக்குங்க. ஓட்டத்தின் அளவு கூடக்கூட, ஃபில்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசமும் கூடும். அழுக்கு அடைச்சுக்கிட்டா அது இன்னும் எகிறும். ஐடிலிங்ல இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அடைச்ச ஃபில்டர் வழியாவும் அது வந்துடும். பாலம் ஏறும்போது அதைப்போலப் பல மடங்கு வேணும். அப்போதான் குட்டு வெளிப்படும்.

ஆனா ஒண்ணு. ஏர் ஃபில்டர் அடைச்சாலும், டர்போ ஹோஸ் கிழிஞ்சாலும் இதே அறிகுறிதான். அதனால முதல்ல அந்த ரெண்டையும் பாருங்க. அப்புறம் சர்வீஸ் புக்கை எடுத்து, டீசல் ஃபில்டர் கடைசியா எத்தனை கிலோமீட்டர்ல மாத்தினதுன்னு தேடுங்க. மேனுவல்ல சொன்ன கெடு தாண்டியிருந்தா, வேலையை அங்கிருந்து தொடங்கலாம். எப்படியும் மாத்த வேண்டிய பொருள்தானே.

இத்தனை சின்ன பொருளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நம்ம கார் டயர்ல இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். காமன் ரயில் டீசல் இன்ஜின்ல இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் 1000 பாருக்கும் மேல. இன்ஜெக்டருக்குள்ள அசையும் பாகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம்ம தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். அந்தப் பாகங்களுக்கு மசகு எண்ணெய்யும் டீசலேதான். அங்கே தண்ணி போனா வழவழப்பு போகும், துரு பிடிக்கும். பாதி காலியான டேங்கில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரிக் குளிரில் தண்ணியாகி அடியில் தங்கும். டீசலைவிடத் தண்ணி கனம். அதைப் பிடித்து வைப்பதும் இந்த ஃபில்டரோட வேலை.

உங்க வண்டி எந்த வகை?

கார்பரேட்டர் வச்ச பழைய பெட்ரோல் வண்டி (1983ல் வந்த மாருதி 800 மாதிரி): ஹோஸுக்கு நடுவில் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர் இருக்கும். அழுத்தம் குறைவு, வேலை சுலபம். ஆனா பெட்ரோல் என்பதை மறக்கக் கூடாது.

இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டி: இப்போ பலதிலும் ஃபில்டர் டேங்குக்குள்ளயே, பம்போட சேர்ந்து இருக்கு. இதை வீட்டுல தொடாதீங்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோட படர்ந்து போகும். போர்ட்டிகோவில் கழட்டினா, நாலு அடி தள்ளி யாராவது போடுற மோட்டார் சுவிட்சின் பொறி போதும்.

டீசல் வண்டி: ஃபில்டர் பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழேயே, கைக்கு எட்டும் இடத்தில். பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலில் வந்தப்போ மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திடுச்சு. அதனால வீட்டுல நிற்கும் டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே இப்போ வயசான வண்டிங்கதான். இனி நாம பார்க்கப் போவது இந்த வகை.

மாத்தும் முறை

1. இன்ஜின் நல்லா ஆறட்டும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்க. பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழட்டுங்க. பக்கத்துல ஒரு பக்கெட் காய்ந்த மணல் இருக்கட்டும். டீசல் தீக்குத் தண்ணி ஊத்தக் கூடாது.

2. எந்தப் பைப் எங்கே போகுதுன்னு ஃபோன்ல நாலு போட்டோ எடுங்க. ஃபில்டரைச் சுற்றியுள்ள புழுதியைத் திறப்பதற்கு முன்னாடியே துடைங்க. வெளியே துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும். உள்ளே மட்டும் அதைப் பயன்படுத்தாதீங்க, நூல் பிரிஞ்சு வரும்.

3. அடியில் ஒரு ட்ரே வைங்க. ஃபில்டரின் கீழ்த் திருகைத் தளர்த்தி, வர்ற டீசலை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. பத்து நிமிஷம் ஆடாம வச்சா, தண்ணி இருந்தா அடியில் தனியா நிற்கும்.

4. சென்சார் கனெக்டர்களை லாக்கை அழுத்தி எடுங்க. பைப் முனையில் பட்டன் மாதிரி லாக் இருந்தா, அதை அழுத்திக்கிட்டே நேரா இழுங்க. ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா பிளாஸ்டிக் முனை உடையும், அப்புறம் சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரமாகும். கழட்டின முனைகளைச் சுத்தமான பாலிதீன் கவரால் மூடி வைங்க.

5. புதுசை மாட்டும்போது பழைய ரப்பர் ரிங்கைத் திரும்பப் போடாதீங்க. புது ரிங்கில் கொஞ்சம் சுத்தமான டீசல் தடவுங்க. ஃபில்டர்ல அம்புக்குறி இருந்தா அது இன்ஜின் பக்கம் பார்க்கணும். எவ்வளவு முறுக்கணும்னு ஃபில்டர் மேலயே போட்டிருக்கும், அதுக்கு மேல பலத்தைக் காட்ட வேண்டாம்.

6. இப்போ உள்ளே காற்று இருக்கு. அதை வெளியேற்ற, புது ஃபில்டருக்குள்ள கேன்ல இருந்து டீசலை ஊத்திடலாம்னு தோணும். செய்யாதீங்க. வடிகட்டாத அந்த டீசல் நேரா இன்ஜெக்டருக்குப் போகும். கை பம்போ ரப்பர் பல்போ இருந்தா, கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுக்குங்க. டேங்கில் எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் வண்டின்னா, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் பண்ணாம சாவியை நாலஞ்சு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க.

7. ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவில் இடைவெளி விடுங்க. முதல்ல கொஞ்சம் நடுங்கும், அப்புறம் சரியாகும். எல்லா இணைப்பிலும் கசிவு இருக்கான்னு பாருங்க.

தொடக் கூடாத இடம்

சூலூர் பக்கம் கலங்கல்ல 1893ல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரிச்சுப் பார்த்துத்தான் மெக்கானிசம் கத்துக்கிட்டார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். கழட்டிப் பார்க்கிற ஆசை நம்ம மண்ணுலயே இருக்கு. ஆனா அந்தக் கால இன்ஜின்ல இல்லாத ஒண்ணு இப்போ இருக்கு: அந்த 1000 பார்.

பழைய டிராக்டர், லாரி இன்ஜின்ல காற்றை எடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பாங்க. யாராவது பெரியவர் இந்த யோசனையை உங்களுக்கும் சொல்லுவார். காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. இன்ஜெக்டருக்குப் போகும் ஸ்டீல் பைப்பில் இருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெருசா இருக்காது. அதை அப்படியே விட்டா விரலை எடுக்கிற நிலைமை வரலாம். அப்படி நடந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டீசல் உள்ளே பாய்ஞ்சிருக்குன்னு தெளிவா சொல்லுங்க. ஃபில்டர் இருப்பது குறைந்த அழுத்தப் பக்கம். நம்ம கை அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

எங்க பாட்டில்ல ஒரு விரல்கடை தண்ணி நின்னுச்சு. அப்பா அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, "இதுக்கா நாலு இன்ஜெக்டர்?"னு கேட்டார். அன்னைக்குச் சாயங்காலம் மூணாவது கியர்லயே பாலம் ஏறிட்டோம்.

பழைய டீசலைச் சாக்கடையில் ஊத்தாதீங்க. அது கடைசியில் கூழைக்கடா வந்து இறங்குற நம்ம குளத்துக்குப் போய்ச் சேரும். கேன்ல பிடிச்சு, கழிவு எண்ணெய் சேகரிக்கிற ஒர்க்ஷாப்புல கொடுத்துடுங்க. புது ஃபில்டர் மேல தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கர்ல எழுதுங்க. மறுநாள் காலையில் வண்டியை எடுத்ததும், நின்ன இடத்துல சொட்டு ஏதும் இருக்கான்னு ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.