மூன்றாம் நாள் மஞ்சள்: பச்சிளம் குழந்தையின் காமாலையை யார் கண்டுபிடிப்பது?

சுகப்பிரசவம் என்றால் இரண்டு, மூன்று நாட்களில் தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். பச்சிளம் குழந்தையின் மஞ்சள் காமாலை உச்சத்தைத் தொடுவதோ மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இல்லாத அந்த நாட்களில், உறவினர்கள் சூழ்ந்த வீட்டில்தான் குழந்தை மேலும் மஞ்சளாகிறது. அதனால் டிஸ்சார்ஜுக்கு முன் செவிலியர் கட்டிலருகே நின்று தாய்க்குச் சொல்லித்தரும் பாடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினருக்கும் முதல் வாரத்தில் காமாலை வருகிறது. பிறந்த குழந்தையின் உடலில் சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் ஆயுளும் குறைவு. அவை உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளே பிலிரூபின். வளர்ந்தவர்களின் கல்லீரல் அதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரல் இந்த வேலைக்குத் தயாராகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை தேங்கும் பிலிரூபின்தான் தோலிலும் கண்ணிலும் மஞ்சளாகத் தெரிகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே வடிந்துவிடும்.

சிலருக்கு வடிவதில்லை. பிலிரூபின் அளவு மிக உயர்ந்துவிட்டால் அது மூளைக்குள் புகுந்து, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளையும் செவிப்புலன் பாதையையும் சிதைக்கிறது. கெர்னிக்டெரஸ் என்ற இந்த நிலைக்குப் போன குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க மூளை முடக்குவாதமும் காது கேளாமையும் நேரலாம். வந்த சேதத்தைத் திருப்ப மருந்தில்லை. ஆனால் வராமல் தடுப்பதற்கான வழி மிக எளிது. நேரத்தில் கவனித்தால் போதும்.

எந்தக் குழந்தையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்? பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சளை ஒருபோதும் இயல்பென்று விடக் கூடாது. தாயின் ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றாலோ, தாய் ‘ஓ’ வகையாகவும் குழந்தை ‘ஏ’ அல்லது ‘பி’ வகையாகவும் இருந்தாலோ குழந்தையின் சிவப்பணுக்கள் மளமளவென உடையலாம். குறைமாதப் பிறப்பு, பிரசவத்தின்போது தலையில் ஏற்பட்ட ரத்தக்கட்டு, முன்பு பிறந்த குழந்தையைக் காமாலைக்காக விளக்கொளியில் வைத்துச் சிகிச்சை கொடுத்த வரலாறு ஆகியவையும் எச்சரிக்கைக் குறிகள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளும் உண்டு. இவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியை எடுத்து இப்படிப்பட்ட குழந்தையைச் சுற்றினால், அதிலுள்ள நாப்தலின் சிவப்பணுக்களை உடைத்து ஒரே நாளில் காமாலையை அபாயத்துக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

காமாலை முகத்தில் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று கீழிறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அளவு மிக உயர்ந்துவிட்டது என்று பொருள். செவிலியர் பகல் வெளிச்சத்தில் குழந்தையின் தோலை விரலால் மெல்ல அழுத்தி, ரத்தம் விலகிய இடத்தின் நிறத்தைப் பார்ப்பார். மாநிறக் குழந்தையிடம் கண்ணளவு எளிதில் ஏமாற்றும் என்பதால், ஐயம் வந்தால் தோலில் வைத்துப் பார்க்கும் கருவியாலோ ரத்தப் பரிசோதனையாலோ உறுதிசெய்தாக வேண்டும். கிடைத்த அளவைக் குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதோடு சேர்த்துத்தான் எடைபோடுகிறார்கள். ஐந்தாம் நாளில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஓர் அளவு, முதல் நாளில் அவசரச் சிகிச்சைக்குரியது.

இந்த நோய்க்கான முதன்மைச் சிகிச்சையே ஒரு செவிலியரின் கூர்ந்த பார்வையிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்தவர் சிஸ்டர் ஜீன் வார்ட். 1956ஆம் ஆண்டின் கோடையில் அவர் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துச் சென்றுவந்தார். ஒருநாள் அந்தப் பிரிவைப் பார்வையிட வந்த டாக்டரிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடலெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, முக்கோண வடிவில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. விரிப்பின் நுனி மூடியிருந்த இடம் அது. சில வாரங்கள் கழித்து, ஜன்னலோர வெயிலில் இருந்துவிட்ட ஒரு ரத்த மாதிரியில் பிலிரூபின் அளவு எதிர்பாராத அளவுக்குக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்த டாக்டர் ரிச்சர்ட் கிரீமரும் சக ஆய்வாளர்களும் விளக்குகள் பொருத்திய தொட்டில் கருவியை உருவாக்கி, 1958இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று தாய்மார்கள் “பிள்ளையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லும் போட்டோதெரபி அங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சிகிச்சையில் பயன்படும் நீல ஒளி புற ஊதாக் கதிர் அல்ல. தோலுக்கடியிலுள்ள பிலிரூபினின் வடிவத்தை அது மாற்றிவிடுவதால், கல்லீரல் மாற்றித்தரும்வரை காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் பிலிரூபின் வெளியேறுகிறது.

விளக்கைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதில்லை. கண்களை மறைக்கும் பட்டை நழுவி மூக்கை அடைக்காமல் செவிலியர் பார்த்துக்கொள்ள வேண்டும். அரையில் ஒரு சிறு துணி தவிர உடல் முழுதும் ஒளி பட வேண்டும். எண்ணெய் தடவக் கூடாது. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா, எடை குறைகிறதா, எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். மலம் பச்சையாக, இளகலாகப் போவது சிகிச்சை வேலை செய்வதன் அடையாளம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாய் பதற மாட்டார். ஒளி பட்ட தோல் வெளுத்துவிடும் என்பதால், அதன் பிறகு நிறத்தைப் பார்த்து “குறைந்துவிட்டது” என்று முடிவுசெய்ய முடியாது. ரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

பால் கொடுக்கும் நேரத்தில் குழந்தையை லைட்டிலிருந்து எடுத்துக் கண்பட்டையை அவிழ்த்து தாயின் மடியில் தருவார்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் குடித்தால் மலம் நன்றாகப் போகும். மலத்தோடு பிலிரூபினும் போகும். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் கீழாநெல்லிச் சாறும் காமாலையைக் குறைக்காது. குட்டி வயிற்றை நிரப்பித் தாய்ப்பால் குடிப்பதைக் குறைக்கும். நோய்த்தொற்றுக்கும் வாசல் திறந்துவிடும்.

அப்படியானால் வீட்டு வாசலில் இளவெயில் காட்டினால் போதாதா? போதாது. நைஜீரியாவில் ஆய்வாளர்கள் சூரிய ஒளியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் வடிகட்டும் தாள் வேய்ந்த கூடாரத்தில், மணிக்கணக்காக, குழந்தையின் வெப்பநிலையை விடாமல் கண்காணித்து அதைச் செய்தார்கள். காலையில் கால் மணி நேரம் வெயிலில் காட்டுவது அதற்கு ஈடாகாது. “வெயில் காட்டுகிறோமே” என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போவதுதான் மிச்சம்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, உடலை வில்லாக வளைத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தாய் வீடு திரும்பும் முன் இந்த நான்கையும் அவரே திருப்பிச் சொல்லும்படி கேட்டுப் பார்ப்பது நல்ல செவிலியரின் பழக்கம். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் கைவைத்தியம் பார்ப்பதும் பல வீடுகளில் பாட்டியின் பொறுப்பு. எனவே அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வது இன்னும் நல்லது.

காமாலை இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் கேள்வியே வேறு. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டறிந்து, முதல் சில வாரங்களிலேயே மருந்தைத் தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். இன்னொன்று, பித்தநாளம் அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியா. இதற்கான அறுவை சிகிச்சையை ஜப்பானின் செண்டாய் நகரைச் சேர்ந்த மோரியோ கசாய் 1950களில் உருவாக்கினார். குழந்தைக்கு 60 நாள் நிறைவதற்குள் செய்தால் பலன் கூடுதல். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் கல்லீரலைச் சுருங்கவைக்கும். பித்தம் குடலுக்கு வராவிட்டால் மலம் வெளிறிவிடும் என்பதால், தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மார்களின் கையில் மலத்தின் நிற அட்டையைக் கொடுத்து, குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிடச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது ஆஷா பணியாளர்களுக்கான விதி. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரும் வீடு தேடி வருகிறார். 14ஆம் நாளுக்குப் பிறகு அப்படி வருபவரிடம் குழந்தையின் எடையைப் பார்க்கச் சொல்வதோடு மலத்தையும் காட்ட வேண்டும். துணியைத் துவைத்துவிட்டால் கைபேசியில் எடுத்த படம் போதும். மலம் சுண்ணாம்பு போல வெளிறியிருந்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியவைத்தாலோ, குழந்தை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அன்றே நேரடி பிலிரூபின் (கல்லீரல் நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிய பிலிரூபின்) பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.