சம்மட்டிப் பாட்டு

ஒரு மனிதன் யந்திரத்தோடு பந்தயம் போட்டான், ஜெயித்தான், ஜெயித்த களைப்பிலேயே சம்மட்டியும் கையுமாக உயிர் துறந்தான். கதை இவ்வளவுதான். இதை அமெரிக்க ஜனங்கள் நூறு வருஷங்களுக்கு மேலாகப் பாடியும் அலுக்கவில்லை என்றால், அதில் ஏதோ விசேஷம் இருக்கத்தானே வேண்டும்?

அந்த மனிதன் பெயர் ஜான் ஹென்றி. கறுப்பு இனத் தொழிலாளி. மேற்கு வர்ஜீனியாவில் பிக் பெண்ட் மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு அதிகமான ரயில் சுரங்கப் பாதையை 1870 முதல் 1872 வரை அமைத்தார்கள். அங்கே நீராவித் துளை யந்திரத்தோடு அவன் போட்டியிட்டான் என்பது கர்ண பரம்பரை. ஸ்காட் நெல்ஸன் என்ற சரித்திர ஆசிரியரோ 2006-ல் வேறு விதமாக எழுதினார். ஜான் ஹென்றி வர்ஜீனியாச் சிறைக் கைதி என்றும், வாடகைக்கு விடப்பட்டு அம்மாகாணத்து லூயிஸ் சுரங்கத்தில் உழைத்தவன் என்றும், அவனைக் கொன்றது பெரும்பாலும் பாறைத் தூசியே என்றும் அவர் கருதுகிறார்.

அக்காலத்தில் பாறையை எப்படித் துளைத்தார்கள் தெரியுமா? ஒருவன் எஃகு உளியைப் பிடித்துக்கொள்வான். மற்றொருவன் சம்மட்டியால் ஓங்கி அடிப்பான். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே உளியைச் சற்றுத் திருப்பிவிட வேண்டும். தாளம் தவறினால் பிடித்தவன் கை போய்விடும்! ஆகவே பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, பாதுகாப்பு. சம்மட்டிக்காரர்கள் பாடிய பழைய பாட்டுக்களில் வீர கோஷம் இல்லை. ஜான் ஹென்றி மாண்டதைச் சொல்லி, "நமக்கு அந்தக் கதி வேண்டாம்" என்று எச்சரிப்பதே அவற்றின் உட்பொருள்.

பிறகு பாட்டு சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. 1924-ல் ஜார்ஜியாவைச் சேர்ந்த வெள்ளையரான ஜான் கார்ஸன் அதைப் பிடிலோடு பாடி இசைத்தட்டில் பதிவு செய்தார். 1928-ல் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்னும் கறுப்பு இனப் பண்ணைத் தொழிலாளி கிதாரை மீட்டிக்கொண்டு, 'புளூஸ்' என்னும் சோக கீத முறையில் பாடினார். அவர் பாட்டில் வருபவன் சம்மட்டியை மேஸ்திரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, வேலையை உதறிப் போய்விடுகிறான். 1940-ல் ஜவஹர்லால் நேருவின் நண்பரான பால் ரோப்ஸன், நியூயார்க் நாடக மேடையில் ஜான் ஹென்றியாகவே தோன்றினார். அதே ஆண்டில் ஆரன் கோப்லண்ட் அந்த மெட்டைக் கொண்டு வாத்திய கோஷ்டிக்கு ஒரு கிருதி இயற்றினார். 2006-ல் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பெருங்கூட்டமான வாத்தியங்களோடு அதைப் பாடி வெளியிட்டார்.

மேடை பெரிதாகப் பெரிதாக, பாட்டின் வேகமும் வீரமும் வளர்ந்தன. மாண்டவனுக்குச் சிலையும் வைத்தார்கள். இது நியாயந்தான். ஆனால் முதலில் பாடியவர்கள் கேட்டது புகழன்று. மூச்சு விடச் சிறிது அவகாசம். இந்தப் பாட்டைக் கேட்கும் சந்தர்ப்பம் வாய்த்தால், நேயர்களே, அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியையும் கவனித்துக் கேளுங்கள். உளி பிடித்தவன் கை அங்கேதான் இருந்தது.