பழைய துப்பாக்கி சொல்லும் சாட்சி

பொருட்காட்சிகளில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழலை மடக்கும்போது அதனுள்ளே ஒரு சுருள்வில் அமுங்குகிறது. சுட்டதும் வில் விரிந்து காற்றை அழுத்த, அந்தக் காற்று சிறிய ஈயக் குண்டை வெளியே தள்ளுகிறது. இது வெறும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். 200 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரியப் படையே காற்றுத் துப்பாக்கியைக் கையாண்டது!

1780ஆம் ஆண்டளவில் அப்படைக்கு இதை அமைத்துத் தந்தவர் ஜிரான்டோனி என்னும் கைவினைஞர். இதன் அடிக்கட்டையே ஓர் இரும்புக் காற்றுக் கலம். கைப்பம்பினால் சுமார் 1,500 முறை அடித்து அதை நிரப்ப வேண்டும். குழலின் பக்கவாட்டில் உள்ள மெல்லிய குழாயில் இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் வரிசையாகக் காத்திருக்கும்.

இதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? கலத்தின் அழுத்தம் வெளிக்காற்றைவிட 50 வளிமண்டல அளவு அதிகம் என்று கொள்வோம். குண்டின் விட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். எனவே அதன் குறுக்குப் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். ஒரு வளிமண்டல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10.1 நியூட்டன். மூன்றையும் பெருக்கினால் சுமார் 570 நியூட்டன் கிடைக்கிறது. அதாவது, 58 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அந்தச் சிறு குண்டின்மேல் ஏறி நிற்பதற்குச் சமம்! ஒவ்வொரு முறை சுடும்போதும் கலத்திலுள்ள காற்று குறைவதால் இந்த விசையும் படிப்படியாகக் குறையும்.

இத்தகைய பழந்துப்பாக்கி ஒன்று இன்று கிடைத்தால் அதை அடையாளம் காண்பது எப்படி? முதல் சான்று அதன் அமைப்பு. அடுத்தது திருகாணிகள். திருகாணிப் புரிகளுக்கு ஒரே சீரான அளவு வேண்டும் என்று இங்கிலாந்தில் விட்வொர்த் என்ற பொறியாளர் கூறியது 1841இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி புரி வெட்டியது. 1780இல் செய்ததாகச் சொல்லப்படும் துப்பாக்கியில் விட்வொர்த் அளவுத் திருகாணி இருந்தால், அது பின்னாளில் நுழைந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பொதுவாக, பாகங்கள் மாற்றப்பட்ட துப்பாக்கிக்கு மதிப்பு குறைவு. ஆனால் பழுதுபார்த்த அடையாளமே மதிப்பை உயர்த்திய கதை ஒன்று உண்டு.

1803 முதல் 1806 வரை, லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைமையில் ஒரு குழு அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்றது. லூயிஸிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்கு அதைச் சுட்டுக் காட்டி வியப்பில் ஆழ்த்தினார். ஆனால் அதைச் செய்தவர் யார் என்று அவருடைய நாட்குறிப்பில் இல்லை. பிலடெல்பியா நகரைச் சேர்ந்த லூக்கன்ஸ் என்பவர் செய்த துப்பாக்கியே அது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் கருதினர். அது ஒரு நேரத்தில் ஒரு குண்டு மட்டுமே கொள்வது.

1803இல் லூயிஸின் துப்பாக்கியை நேரில் கண்ட ராட்னி என்பவரின் நாட்குறிப்போ வேறு விதமாகக் கூறியது. குண்டுகள் எல்லாவற்றையும் பக்கக் குழாயில் போட்டு, ஒவ்வொன்றாகக் குழலுக்குள் விழச் செய்ததாக அதில் எழுதியிருந்தது. இது ஜிரான்டோனியின் அமைப்பு அல்லவா!

அமெரிக்கச் சேகரிப்பாளர் ராபர்ட் பீமன் என்பவரிடம் ஒரு ஜிரான்டோனி இருந்தது. பிரதிகள் செய்வதற்காக அதைக் கழற்றியபோது, அதன் முதன்மை வில் பழையதன்று, பின்னர் மாற்றப்பட்டது என்று தெரிந்தது. குதிரைக்கு லாடம் அடிப்பவர்களின் அரத்தைக் கொண்டு யாரோ அதைச் செய்திருந்தனர். தன் காற்றுத் துப்பாக்கியின் முதன்மை வில்லை ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் புதுப்பித்தார் என்று 1805 ஜூன் 10 அன்று லூயிஸ் எழுதியிருக்கிறார்! காட்டு வழியில் கொல்லருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல எஃகு பழைய அரம்தானே?

இதனால் ஐயம் முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. துப்பாக்கியின் எண்ணோ படமோ லூயிஸின் குறிப்பில் இல்லை. சான்றுகள் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. எனினும் சான்றுகளின் வலிமையால் அது அமெரிக்க ராணுவத்தின் கார்லைல் நகர அருங்காட்சியகச் சேகரிப்பில் இடம்பெற்றது.

மாணவர்களே, யாரேனும் அந்தத் துப்பாக்கியைப் “புதிது போல்” ஆக்க எண்ணி வில்லை மாற்றி, மெருகேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாட்சி அழிந்திருக்கும். அருங்காட்சியகத்தார் பழம்பொருளின் கறையைக்கூட அவசரப்பட்டுத் துடைக்காததற்குக் காரணம் இதுவே. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பழைய காற்றுக் கலத்தில் ஒருபோதும் காற்றேற்றக் கூடாது. துருவால் மெலிந்த இரும்பு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துவிடும். பழைய துப்பாக்கி இனி சுட வேண்டியதில்லை, பேசினால் போதும்.